சுவர்க்க ராஜ்யம் கண்ட ஹங் சியூசுவான்

ஒரு தேசத்து ஜனங்கள் படும் துன்பம் உண்மையானது. அதைத் தீர்க்க எழுந்த கூட்டம் நேர்மையானது. அக்கூட்டத்தாரின் வீரமும் தியாகமும் பகைவரும் மெச்சத் தக்கவை. இவ்வளவும் கூடியிருந்தும், எடுத்த காரியம் பாழாகித் தேசம் மயானமாகிவிடக் கூடுமோ என்று ஐயுறுவோர் சீன தேசத்துத் தைப்பிங் புரட்சியின் வரலாற்றை அறிந்துகொள்ள வேண்டும். 1851-ஆம் வருஷம் தொடங்கி 1864-ஆம் வருஷம் வரையில் நடந்த அந்த உள்நாட்டுப் போரில் வாளுக்கும் பஞ்சத்துக்கும் கொள்ளைநோய்க்கும் இரையானோர் 2 கோடி முதல் 3 கோடி வரை இருக்கலாமென்று சரித்திராசிரியர் பலர் மதிப்பிட்டிருக்கின்றனர். இப்பெரும் நாசத்துக்கு மூலபுருஷராயிருந்தவர் சேனாதிபதியுமல்லர், ராஜ வம்சத்தில் பிறந்தவருமல்லர். அவர் ஒரு கிராமப் பள்ளி உபாத்தியாயர். ஹங் சியூசுவான் என்பது அவர் பெயர். பொதுக் காரியங்களில் ஈடுபட்டு, தலைவர்களைப் பின்பற்றியும் தாமே தலைமை வகித்தும் உழைக்கும் அன்பர்கள் இவருடைய சரித்திரத்தைச் சிந்தித்துப் பார்ப்பது மிகவும் அவசியமாகும்.

ஹங் 1814-ஆம் வருஷம் ஜனவரி மாதம் முதல் தேதி, தென் சீனத்தில் குவாங்டுங் மாகாணத்தில், கான்டன் நகருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தார். அவருடைய குடும்பம் ஹக்கா வகுப்பைச் சேர்ந்தது. ஹக்காக்கள் முற்காலத்தில் வடக்கேயிருந்து வந்து குடியேறியவர்கள். ஆதலால் பூர்வ குடிகள் அவர்களை அந்நியராகவே நடத்தி வந்தனர். நல்ல நிலங்கள் பிறருக்கும், மேட்டு நிலங்கள் இவர்களுக்கும் என்பதே பெரும்பாலும் நிலைமை. பையன் புத்திசாலியாயிருந்தமையால் குடும்பத்தார் வறுமையிலும் அவனைப் படிக்க வைத்தனர். அக்காலத்துச் சீனத்தில் ஏழை ஒருவன் உயர்நிலை அடைவதற்கு ஒரே வாயில் அரசாங்கப் பரீட்சைதான். கன்பூஷியஸ் முதலிய முன்னோரின் நூல்களை மனப்பாடம் செய்து எழுதித் தேறினவனுக்குப் பட்டமும் பதவியும் உண்டு; தேறாதவனுக்கு ஒன்றுமில்லை. ஹங் நான்கு முறை கான்டனுக்குச் சென்று எழுதினார். நான்கு முறையும் தேறவில்லை. ஒரு குடும்பத்தின் ஆசை முழுவதையும் தோளில் சுமந்த இளைஞனுக்கு அத்தோல்விகள் எப்படியிருந்திருக்கும் என்பதை நாம் சொல்ல வேண்டுவதில்லை.

1836-ஆம் வருஷம் பரீட்சைக்குச் சென்றிருந்த சமயத்தில் கான்டன் வீதியிலே கிறிஸ்தவ மதத்தைப் பற்றிய ஒரு புஸ்தகம் அவர் கையில் கிடைத்தது. லியாங் பா என்ற சீனக் கிறிஸ்தவர் எழுதியது அது. ஹங் அதை மேலெழுந்தவாரியாகப் புரட்டிப் பார்த்துவிட்டு வீட்டில் போட்டு வைத்தார். மறு வருஷமும் பரீட்சையில் தவறவே, மனமுடைந்து நோயுற்றார். பல்லக்கில் வைத்து ஊருக்குத் தூக்கி வந்தனர். பல நாள் பிரக்ஞை தடுமாறிக் கிடந்த அக்காலத்தில் அவர் சில தோற்றங்களைக் கண்டார். மேலுலகத்துக்குத் தம்மை எடுத்துச் சென்றதாகவும், பொன்னிறத் தாடியுடைய முதியவர் ஒருவர் தமக்கு வாளும் முத்திரையும் அளித்துப் பூமியிலுள்ள பேய்களை அழிக்கும்படி பணித்ததாகவும், தமையன் முறையுள்ள ஒருவர் அப்போரில் தமக்குத் துணை நின்றதாகவும் அவருக்குத் தோன்றிற்று. நோய் தெளிந்ததும் ஹங் முன்போலவே கிராமத்துக்கு உபாத்தியாயராக இருந்து ஆறு வருஷம் அமைதியாகக் காலம் கழித்தார். அந்தக் கனவு உலகத்துக்கு யாதொரு கேடும் செய்யாமல் அவருடன் மறைந்திருக்கவும் கூடும்.

ஆனால் அந்த ஆறு வருஷங்களில் சீனத்தின் நிலைமை மாறிவிட்டது. இந்தியாவில் விளைந்த அபினியைச் சீனத்தில் விற்றுப் பணம் குவித்து வந்த ஆங்கில வியாபாரிகளைச் சீன அரசு தடுக்க முயன்றதன் விளைவாக 1839-ஆம் வருஷம் முதலாவது அபினி யுத்தம் மூண்டது. கான்டனைச் சுற்றி நடந்த சண்டைகளில் 37-ஆவது சென்னைக் காலாட்படையும் ஆங்கிலேயருக்காகப் போர் புரிந்தது. நம் நாட்டுச் சிப்பாய்களைக் கொண்டே நம் நாட்டு அபினியைச் சீனர் தலையில் கட்டினார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. 1842-ஆம் வருஷத்து நான்கிங் உடன்படிக்கையினால் சீனம் தலைகுனிந்தது. வெளிநாட்டு வியாபாரத்தில் கான்டனுக்கிருந்த ஏகபோக உரிமை போய் ஷாங்காய் முதலிய துறைமுகங்கள் திறக்கப்படவே, தெற்கே படகோட்டிகளும் சுமை கூலிகளும் பிழைப்பிழந்தனர். கடலில் துரத்தப்பட்ட கொள்ளைக்காரர் ஆறுகள் வழியே உள்நாட்டில் புகுந்தனர். நாட்டை ஆண்டு வந்த மஞ்சு வம்சத்தாரோ 1644-ஆம் வருஷத்தில் வடக்கேயிருந்து வந்து பெய்ஜிங்கைக் கைக்கொண்டவர்கள்; அந்நியரிடம் தோற்ற அந்நியர் என்ற இளப்பம் அவர்களுக்கு ஏற்பட்டது.

இந்நிலையில் 1843-ஆம் வருஷம் ஹங் நான்காம் முறையும் பரீட்சையில் தவறித் திரும்பினார். அவ்வருஷம் உறவினர் ஒருவர் அந்தப் பழைய புஸ்தகத்தை இரவல் வாங்கிப் படித்து, அதிலுள்ள விஷயம் விசித்திரமாயிருப்பதாகக் கூறவே, ஹங்கும் அதை ஊன்றிப் படித்தார். ஆறு வருஷத்துக்கு முன் கண்ட கனவுக்குப் பொருள் விளங்கிவிட்டதென்று நிச்சயித்தார். பொன் தாடி முதியவர் பரலோக பிதா, தமையனார் ஏசுநாதர், தாமோ அந்தப் பிதாவின் இளைய குமாரர், அழிக்க வேண்டிய பேய்கள் கோயில்களிலுள்ள விக்கிரகங்கள். பின்னாளில் மஞ்சுக்களும் அப்பேய்களில் சேர்க்கப்பட்டனர். தமக்குத் தாமே ஞானஸ்நானம் செய்துகொண்டார். பள்ளிக்கூடத்திலிருந்த கன்பூஷியஸின் பெயர்ப் பலகையை அகற்றினார். அதனால் உத்தியோகமும் போயிற்று. இந்தக் கட்டத்தில் ஹங் வஞ்சகர் என்று சொல்வதற்கு எவ்வித ஆதாரமும் இல்லை. தாம் கண்டதை அவர் மெய்யாகவே நம்பினார். நம்பிக்கை மெய்யாயிருந்தது என்பதே பின்னால் விளைந்த கேட்டுக்கு உரமாயிற்று.

அவருடைய முதற் சீடர்களில் ஒருவர் பெங் யுன்ஷான் என்ற மற்றோர் உபாத்தியாயர். 1844-ஆம் வருஷம் இருவரும் மேற்கேயுள்ள குவாங்ஸி மாகாணத்துக்குச் சென்றனர். ஹங் சில மாதங்களில் ஊர் திரும்பிவிட்டார். பெங் அங்கேயே தங்கி, முட்செடிகள் நிறைந்த ஒரு மலைப் பிரதேசத்தில் கூலி வேலை செய்தும், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியும் வயிறு வளர்த்துக்கொண்டு, ஆண்டவனை வழிபடுவோர் சங்கம் என்ற சங்கத்தை ஊர் ஊராக ஸ்தாபித்தார். இதற்கிடையில் ஹங் 1847-ஆம் வருஷம் கான்டனில் இஸ்ஸக்கார் ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கப் பாதிரியாரிடம் சுமார் இரண்டு மாதம் வேதம் பயின்றார். அவர் ஞானஸ்நானம் கொடுக்க இசையவில்லை. மனத்தாங்கலுடன் மலைக்குச் சென்ற ஹங், அங்கே 2000-க்கு மேற்பட்ட ஜனங்கள் தம்மைக் காணாமலே தம் பெயரைச் சொல்லி வழிபாடு நடத்தி வருவதைக் கண்டார். உழைத்தவர் பெங், போற்றப்பட்டவர் ஹங். பெங் அதைப் பற்றிச் சிறிதும் முறையிடவில்லை.

அம்மலையில் சேர்ந்தவர்கள் யார்? கரி சுடுவோர், சுரங்கக் கூலிகள், நிலமற்ற உழவர், ஹக்காக்கள், மலைச் சாதியினர். பூர்வ குடிகளுடன் ஓயாத நிலச் சண்டை, கொள்ளைக்காரர் தொல்லை, வரி வசூலிக்க வரும் சர்க்கார் உத்தியோகஸ்தர் காப்பாற்ற வருவதில்லை. 1849-ஆம் வருஷத்தில் பஞ்சமும் சேர்ந்துகொண்டது. இப்படிப்பட்டவர்களுக்குச் சங்கம் என்ன கொடுத்தது? சோறு கொடுத்தது, துணை கொடுத்தது, எல்லாரும் ஒரே தகப்பனின் பிள்ளைகளாகையால் ஆண்கள் யாவரும் சகோதரர், பெண்கள் யாவரும் சகோதரிகள் என்ற மரியாதையைக் கொடுத்தது. அபினி, புகையிலை, மது, சூதாட்டம் ஆகியவற்றை விலக்கிற்று. பெங்கை அதிகாரிகள் சிறையிலடைத்தபோது கரி சுடும் ஏழைகள் தங்கள் கூலியில் மிச்சம் பிடித்துப் பணம் திரட்டினர். மூட ஜனங்கள் ஒரு பித்தனுக்குப் பின்னால் ஓடினார்கள் என்று கூறுவோர் இவற்றை எண்ணிப் பார்ப்பதில்லை. ஜனங்கள் ஓடியது தங்களை மனிதராக மதித்த ஓரிடத்தை நாடியே ஆகும்.

கேடு வேறு வழியாகப் புகுந்தது. 1848-ஆம் வருஷம் பெங் சிறையிலிருந்தார். அவரை விடுவிக்க முயல்வதற்காக ஹங் கான்டனுக்குச் சென்றிருந்தார். தலைவர் இருவரும் இல்லாமல் சங்கம் கலகலத்துப் போகும் தறுவாயில், கரி சுடுவோரில் ஒருவரான யாங் சியூசிங் என்பவர் திடீரென்று ஆவேசம் வந்து, பரலோக பிதாவே தம் வாய் வழியாகப் பேசுவதாகக் கூறினார். சில மாதம் கழித்து அவருடைய நண்பர் சியாவ் சாவ்குய் என்பவர் மீது ஏசுநாதர் இறங்கிப் பேசலானார். நம் ஊர்களில் சாமியாடிக் குறி சொல்வது போன்ற வழக்கம் குவாங்ஸி நாட்டிலும் நெடுங்காலமாக உண்டு. யாங் எழுத்தறியாதவர், ஆனால் கூட்டத்தைக் கட்டியாள்வதில் மகா சமர்த்தர். சங்கம் அவரால் பிழைத்தது என்பதும் உண்மையே.

ஹங் திரும்பி வந்து இவ்விரு வாக்குகளும் மெய்யென்று ஒப்புக்கொண்டார். வேறு என்ன செய்யக் கூடும்? தாம் கண்ட கனவுக்குத் தம்மைத் தவிர வேறு சாட்சி இல்லை. யாங்கின் ஆவேசத்துக்கு அத்தாட்சி கேட்டால், தமது கனவுக்கும் அத்தாட்சி கேட்பார்கள். ஆகவே ஒருவர் வாக்கை மற்றவர் தாங்கி நிற்க வேண்டியதாயிற்று. அன்று முதல் அச்சங்கத்தில் எந்த விஷயத்தையும் யோசித்து முடிவு செய்யும் வழி அடைபட்டுப் போயிற்று. ஒருவன் அபிப்பிராயம் சொன்னால் மற்றொருவன் மறுத்துச் சொல்லலாம். தெய்வ வாக்கை மறுப்பது எப்படி? துரோகம் செய்தவன் யார் என்பதையும் பரலோக பிதா யாங்கின் வாய் வழியாகவே அறிவித்தார். குற்றம் சாட்டப்பட்டவனுக்கு மறுவார்த்தை ஏது?

1850-ஆம் வருஷத்தில் அன்பர்கள் வீடு வாசல்களை விற்றுப் பொதுப் பொக்கிஷத்தில் பணத்தைச் சேர்த்துவிட்டு ஜின்டியன் என்ற கிராமத்தில் கூடினர். 1851-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 11-ஆம் தேதி, ஹங்கின் பிறந்தநாள் விழாவையொட்டி, மகா சமாதானத்தின் சுவர்க்க ராஜ்யம் என்று பொருள்படும் தைப்பிங் ராஜ்யம் பிரகடனம் செய்யப்பட்டது. மஞ்சுக்களின் உத்தரவுப்படி விட்டிருந்த பின்னலைக் களைந்து, தலைமயிரை நீள வளர்த்தனர். ஹங் சுவர்க்க ராஜா ஆனார். யாங் கிழக்கு ராஜா. சியாவ் மேற்கு ராஜா. பெங் தெற்கு ராஜா. வெய் சாங்ஹுய் வடக்கு ராஜா. இருபது வயது வாலிபரான ஷி தாகாய் துணை ராஜா. கிழக்கு ராஜாவுக்கு மற்ற ராஜாக்கள் அடங்கியவர்களென்றும் ஏற்படுத்தினர்.

அந்தச் சேனையின் கட்டுப்பாட்டைக் கண்டு பகைவரும் வியந்தனர். ஆண்களும் பெண்களும் தனித்தனிப் பாசறைகளில் வசித்தனர்; புருஷனும் மனைவியும் கூடினால்கூட மரண தண்டனை. 1852-ஆம் வருஷம் வடக்கு நோக்கிப் புறப்பட்டு, வழியில் பெங்கையும் சியாவையும் போரில் இழந்தும் நில்லாமல், 1853-ஆம் வருஷம் ஜனவரியில் வூசாங் நகரையும், மார்ச்சு மாதம் 19-ஆம் தேதி நான்கிங் மாநகரையும் பிடித்தனர். நான்கிங்கில் வசித்த மஞ்சுக்களை, பெண்டு பிள்ளைகள் என்றும் பாராமல், பல்லாயிரக் கணக்கில் கொன்று குவித்தனர். பேய்களை அழிப்பதாகவே அவர்கள் எண்ணினர். எதிரியை மனித வர்க்கத்திலிருந்து நீக்கிவிட்டால் இரக்கத்துக்கு இடமில்லை என்பதற்கு இதைவிட வேறு திருஷ்டாந்தம் வேண்டுவதில்லை.

நான்கிங் சுவர்க்க ராஜதானியாயிற்று. அங்கு வெளியிடப்பட்ட சட்டங்களில் பல இக்காலத்தாரும் மெச்சத் தக்கவை. நிலம் யாவும் பொது; ஆண் பெண் இருபாலார்க்கும் தலைக்கு இவ்வளவு என்று பங்கிட வேண்டும்; 25 குடும்பங்களுக்கு ஒரு பண்டகசாலையும் ஒரு பிரார்த்தனை மண்டபமும் அமைய வேண்டும். பெண்களின் பாதத்தைக் கட்டிக் குறுக்கும் கொடுமை தடுக்கப்பட்டது. பெண்கள் படையிலும் அரசாங்க வேலையிலும் அமர்ந்தனர். ஆனால் நிலச் சட்டம் பெரும்பாலும் காகிதத்திலேயே நின்றது. போருக்குத் தானியம் வேண்டியிருந்தமையால் பழைய வரிமுறையே தொடர்ந்தது.

சட்டங்கள் யாருக்காக என்பதில்தான் சோதனை. பிரஜைகளில் புருஷனும் மனைவியும் 1855-ஆம் வருஷம் வரையில் பிரிந்தே வாழ வேண்டியிருந்தது. ராஜாவின் அந்தப்புரத்திலோ மனைவியர் எண்பதுக்கு மேற்பட்டவர் இருந்தனர். அப்பெண்கள் தலை நிமிர்ந்து பார்க்கலாகாது, எதிர்த்துப் பேசலாகாது, தவறினால் அடி என்று விதிகளைச் செய்யுட்களாக எழுதிக் கொண்டிருந்தார் ஹங். ராஜ்யம் எங்கும் போர் நடந்த 11 வருஷங்களில் அவர் அரண்மனையை விட்டு வெளிவந்தது மிக மிக அபூர்வம். வேத புஸ்தகத்தையும் அவர் விட்டு வைக்கவில்லை. தம்முடைய தோற்றங்களுக்கு ஒவ்வாத இடங்களைத் திருத்தியும், தம்மைப் பற்றியே அதில் முன்னறிவித்திருப்பதாக ஓரத்தில் குறிப்பெழுதியும் வந்தார்.

ராஜ்ய பாரத்தை நடத்தியவர் யாங். 1853-ஆம் வருஷம் டிசம்பரில், பரலோக பிதா அவர் மீது இறங்கி, அந்தப்புரப் பெண்களைக் கொடுமைப்படுத்தும் ஹங்குக்குக் கசையடி கொடுக்கும்படி ஆக்ஞாபித்தார். சுவர்க்க ராஜா மண்டியிட்டார். அதைக் கண்டு பிதா மன்னித்தருளினார். 1856-ஆம் வருஷம் ஆகஸ்டில் மறுபடியும் பிதா இறங்கி, சக்கரவர்த்திக்கே உரிய பதினாயிரம் ஆண்டு என்ற வாழ்த்தை யாங்குக்கும் அளிக்கும்படி கேட்டார். ஹங் மறுப்பின்றி இசைந்தார். வேறு விதமாக மறுக்க வழியில்லாத இடத்தில் வாள் ஒன்றுதான் மறுமொழி சொல்லும். செப்டம்பர் மாதம் 2-ஆம் தேதி விடியுமுன் வடக்கு ராஜா வெய், யாங்கின் மாளிகையில் புகுந்து அவரையும் அவர் குடும்பத்தாரையும் வெட்டிக் கொன்றார். ஹங்கின் இரகசிய உத்தரவு இதற்கிருந்தது என்பதே பெரும்பாலோர் கொள்கை. பின்பு, வரம்பு மீறிக் கொன்றதற்காக வெய்க்குக் கசையடி கொடுக்கப்போவதாகவும், வந்து காணலாமென்றும் யாங்கின் ஆட்களுக்கு அறிவித்து, ஆயுதங்களை வாங்கிக்கொண்டு மண்டபங்களில் அடைத்து அவர்களையும் கொன்றனர். மாண்டவர் சுமார் 20,000 பேர் என்பது வழக்கமாகக் கூறப்படும் கணக்கு. அத்தனை பேரும் ஒரே கொடியின் கீழ் நின்று, ஒரே பிரார்த்தனையைச் சொல்லி வந்த சகோதரர்.

இது அநீதி என்று வாய் திறந்து சொன்னவர் ஷி தாகாய் ஒருவர். அதற்காக அவர் இரவோடிரவாகத் தப்பி ஓட வேண்டியதாயிற்று. அவருடைய குடும்பத்தை வெய் கொன்றொழித்தார். ஷி பெரும் படையுடன் திரும்பி வரவே, ஹங் இப்போது வெய்யைக் கொல்வித்தார். அதற்குப் பிறகும் ஷியை நம்பாமல் தம் சகோதரரை அவருக்கு மேல் அமர்த்தினார். மனம் கசந்த ஷி 1857-ஆம் வருஷம் படையுடன் பிரிந்து சென்று, 1863-ஆம் வருஷம் மேற்கே பகைவரிடம் சரணடைந்து கொல்லப்பட்டார். ஹங்கோ பிற்பாடு யாங்குக்கு மரியாதைகளைத் திரும்ப அளித்து, அவர் இறந்த நாளைச் சுவர்க்கமேறிய திருநாளாகக் கொண்டாடச் செய்தார்! யாங்கின் வாக்குப் பொய்யென்று ஒப்புக்கொண்டால் ராஜ்யத்தின் அஸ்திவாரமே பெயர்ந்துவிடுமல்லவா?

நல்ல ஆலோசனை கூறுவோர் இல்லாமற் போகவில்லை. 1859-ஆம் வருஷம் ஹங்கின் உறவினரான ஹங் ரென்கான் ஹாங்காங்கிலிருந்து வந்து மந்திரியானார். ரெயில் பாதைகள், நீராவிக் கப்பல்கள், தபால் நிலையங்கள், பாங்கிகள் வேண்டுமென்றும், ஜனங்களின் மனநிலையை ஆள்வோர் அறிந்துகொள்ளப் பத்திரிகைகள் வேண்டுமென்றும் அவர் திட்டம் எழுதித் தந்தார். ஹங் அதில் பலவற்றுக்குச் சம்மதம் எழுதினார்; ஒன்றும் நடைபெறவில்லை. முன்பு வேதம் கற்பித்த ராபர்ட்ஸ் பாதிரியார் 1860-ஆம் வருஷம் நான்கிங் சென்றார். ஹங்கின் உபதேசத்தை ஏற்றுப் பரப்ப வேண்டுமென்று அவரையே வற்புறுத்தினர். 1862-ஆம் வருஷம் ஜனவரியில் அவர் தப்பி வெளியேறி, தம் பழைய மாணாக்கர் பித்தரென்று பகிரங்கமாக எழுதினார். ராஜா பட்டமோ வாரி வழங்கப்பட்டது. கடைசியில் ராஜாக்கள் 2000-க்கு மேற்பட்டனர். திறமைசாலிகளைக் கொன்று விரட்டிய பின் பட்டங்களைக் கொண்டு விசுவாசத்தை விலைக்கு வாங்கப் பார்த்தனர்.

எதிர்ப்பும் வலுத்தது. ஹூனான் மாகாணத்துப் பண்டிதரான ஸெங் குவோபான் உழவர்களைத் திரட்டிப் புதுச் சேனை அமைத்து, 1861-ஆம் வருஷம் ஆன்சிங் கோட்டையைப் பிடித்தார். 1860-ஆம் வருஷத்தில் பெய்ஜிங் சென்று மஞ்சுச் சக்கரவர்த்தியின் வசந்த மாளிகையைச் சூறையாடிய ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும், வேண்டிய உடன்படிக்கையைப் பெற்றதும் அந்த மஞ்சுக்களுக்கே துணை செய்தனர். 1862-ஆம் வருஷம் ஷாங்காய்ப் பிரதேசத்தில் தைப்பிங்குகளை எதிர்த்த ஆங்கிலப் படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். பலவீனமான அரசு ஒன்று இருப்பதே தங்கள் வியாபாரத்துக்கு நல்லதென்று வெளிநாட்டார் கண்டுகொண்டனர்.

நான்கிங் முற்றுகையிடப்பட்டது. நகரைக் கைவிட்டு வெளியேறிப் போரைத் தொடரலாமென்று, உண்மையான வீரரும் விசுவாசியுமான சேனாதிபதி லி சியூசெங் 1863-ஆம் வருஷக் கடைசியில் மன்றாடினார். பரலோக சைனியம் தமக்கு இருக்கிறதென்று ஹங் மறுத்துவிட்டார். உணவில்லையென்று முறையிட்ட ஜனங்களுக்கு, வேதத்தில் கூறப்பட்ட மன்னாவைப் போன்ற இனிய பனித்துளியை உண்ணும்படி உத்தரவிட்டார்; அரண்மனை முற்றத்தில் முளைத்த புல் பூண்டுகளை உருட்டித் தாமும் உண்டார். அவர் தம்மைக்கூட ஏமாற்றிக்கொண்டாரேயன்றி, ஜனங்களை மட்டும் ஏமாற்றவில்லை என்பதை இங்கு சொல்லியாக வேண்டும். 1864-ஆம் வருஷம் ஜூன் மாதம் முதல் தேதி அவர் நோயுற்று இறந்தார். விஷம் அருந்தினாரென்று கூறுவோரும் உண்டு. ஜூலை மாதம் 19-ஆம் தேதி ஸெங்கின் படையினர் சுரங்கம் வைத்து மதிலைத் தகர்த்து உள்ளே புகுந்தனர். நகரம் எரிந்தது. சரணடைந்தவர் ஒருவருமில்லை என்று ஸெங் அரசுக்கு எழுதிய அறிக்கை கூறுகிறது. அதிலிருந்தே அந்தப் படுகொலையின் தன்மையை ஊகிக்கலாம். லி சியூசெங் தமது நல்ல குதிரையை ஹங்கின் சிறு குமாரனுக்குக் கொடுத்தனுப்பிவிட்டுத் தாம் பிடிபட்டு மாண்டார். அச்சிறுவனும் அகப்பட்டு, நவம்பரில் கொல்லப்பட்டான்.

ஹங்கைப் பற்றிப் பிற்காலத்தார் கொண்ட அபிப்பிராயம் பலவிதம். மஞ்சு ஆட்சியை 1911-ஆம் வருஷப் புரட்சியினால் வீழ்த்தியவர்களின் தலைவரான ஸன் யாட்-ஸென் இளமையில் தைப்பிங் வீரர் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர், ஹங்கைப் போற்றியவர். பெய்ஜிங்கில் 1958-ஆம் வருஷம் நிறுவப்பட்ட தேச வீரர் நினைவுத் தூணில் ஜின்டியன் எழுச்சியும் செதுக்கப்பட்டிருக்கிறது. எழுந்த ஏழை ஜனங்களுக்கு அந்த மரியாதை தகும். ஆனால் எழுந்தவர்களின் பெருமையைக் கொண்டு தலைவரின் பிழையை மூடுவது நியாயமாகாது.

அப்பிழை என்ன? கனவு கண்டதன்று, அதைப் பிறர் நம்பியதுமன்று. அந்தக் கனவைப் பற்றி எந்தச் சகோதரனும் கேள்வி கேட்கக் கூடாதென்று ஆனதுதான் பிழை. அதில் பின்பற்றியோருக்கும் பங்குண்டு. வீட்டையும் நிலத்தையும் பொதுப் பொக்கிஷத்தில் போட்டவர்கள் தங்கள் புத்தியையும் அதிலேயே போட்டுவிட்டனர். முன்னது தியாகம், பின்னது தியாகமாகாது. பசியும் அவமானமும் மிகுந்த காலங்களில் அப்படிப் போட்டுவிடுவதில் ஓர் ஆறுதல் இருக்கிறது. அந்த ஆறுதலைத் தருவோரும் எப்போதும் கிடைப்பர். மதத்தின் பெயரால் மட்டுமே இது நிகழும் என்று எண்ண வேண்டாம். தேசத்தின் பெயராலும், ஏழைகளின் பெயராலும், கட்சியின் பெயராலும் தலைவர் வாக்கே தெய்வ வாக்கென்று கொண்ட கூட்டங்கள் ஹங்குக்குப் பின்னும் பல நாடுகளில் தோன்றியுள்ளன.

ஆகவே ஒரு சங்கத்தில் சேரும் ஒவ்வொருவரும் சில கேள்விகளைத் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். இங்கே தலைவர் சொன்னது தவறென்று ஒருவன் எழுந்து சொன்னால், அவன் அன்றிரவு நிம்மதியாகத் தன் வீட்டில் படுத்துறங்க முடியுமா? தொண்டனுக்கு விதித்த சட்டம் தலைவருக்கும் உண்டா? சங்கத்தை விட்டுப் போகிறேன் என்பவனைப் போக விடுவார்களா? இவற்றுக்கு ஆம் என்று விடை கூற முடியாத இடத்தில் சேர்ந்த ஏழைகள்தான் நான்கிங் மதிலுக்குள் புல்லைத் தின்று, பரலோக சைனியத்தை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். அந்தச் சைனியம் வரவில்லை.